முதல் தடவையா கேம்புக்குப் போற பிள்ளை: திருகோணமலைப் பெற்றோர் அடிக்கடி கேக்கிற கேள்விகள்

பள்ளிக்கூட லீவு கிட்ட வந்தா சாரணர் கேம்ப், பெண் வழிகாட்டிகளின்ர கேம்ப், அறநெறிப் பாடசாலைக்காரர் வைக்கிற ரெண்டு மூண்டு நாள் வதிவிட முகாம், சேர்ச்சால கூட்டிக்கொண்டு போற கேம்ப் எண்டு ஒவ்வொண்டா வரும், பெற்றோர் கையெழுத்துப் போடோணும் எண்டு கடிதம் வரும், அண்டைக்கே வீட்டில வாக்குவாதமும் தொடங்கும். என்ர ரெண்டு பிள்ளையளும் போய் வந்திட்டினம், நானும் கேம்புகள்ல சமையலுக்கும் இரவு பொம்பிளைப் பிள்ளையளோட படுக்கிறதுக்கும் உதவிக்குப் போறனான். தாய்மார் என்னட்டக் கேக்கிறதுகளை இதில எழுதுறன். இரவில பிள்ளையள் அழுறதைப் பாத்துப் பாத்து எனக்கு விளங்கினது என்னெண்டா, வீட்டு நினைப்பு எண்டு நாங்கள் சொல்லுறதில கனக்க வெறும் டொயிலட் பிரச்சினையும் இருட்டும் ஆரைக் கேக்கிறதெண்டு தெரியாததும்தான். அதால கீழ இருக்கிறதில பாதி சின்னச் சின்ன வேலையளைப் பற்றித்தான் இருக்கும், குறை நினைக்காதேங்கோ.

எத்தனை வயசில அனுப்பலாம்?

வயசை மட்டும் வச்சுச் சொல்ல ஏலாது. எட்டு ஒன்பது வயசில கனபேர் போகினம், ஏழு வயசில சிரிச்சுக்கொண்டு போன பிள்ளையையும் பன்னிரண்டு வயசில ஏங்கின பிள்ளையையும் நான் கண்டிருக்கிறன். நான் திருப்பிக் கேக்கிறது மூண்டு கேள்வி. அம்மா அப்பா இல்லாம வேற வீட்டில ஒரு இரவாவது படுத்தவரோ? தானாக் குளிச்சு உடுப்பு மாத்துவாரோ? வயித்துக்க குத்துது, ஒண்டுக்கு வருது எண்டு அம்மா இல்லாத ஒரு ஆளிட்ட வாய் திறந்து சொல்லுவாரோ? முதல் ரெண்டையும் ஒரு மாசத்தில பழக்கலாம். மூண்டாவதுதான் முக்கியம், அது இல்லாட்டி ஒரு வருசம் பொறுத்து அனுப்புங்கோ, ஒண்டும் குடி முழுகாது.

வீட்டில எப்பிடிப் பழக்கிறது?

ஒரு மாசத்துக்கு முதலே தொடங்குங்கோ. முதல்ல நிலாவெளியிலயோ கிண்ணியாவிலயோ சித்தி, பெரியம்மா ஆராவது இருந்தா ஒரு சனிக்கிழமை இரவு விடுங்கோ, அண்டைக்கு இரவு போன் எடுக்காதேங்கோ, அதுதான் கஷ்டம், பிள்ளைக்கு இல்ல உங்களுக்கு.

அடுத்தது டொயிலட். இப்ப கட்டுற வீடு எல்லாத்திலயும் கொமட்தான், குந்தியிருக்கவே தெரியாத பிள்ளையள் இருக்கினம், கேம்ப் நடக்கிற பள்ளிக்கூடங்கள்லயும் மண்டபங்கள்லயும் அனேகமா குந்துற டொயிலட்தான் இருக்கும், வாளியில தண்ணி அள்ளி ஊத்தோணும், கதவுக் கொளுக்கி சரியாப் பூட்டாது. இதுக்குப் பயந்து மூண்டு நாளும் போகாம அடக்கி வச்சிருந்து வயித்து நோவோட வாறதுகள், அதைத்தான் எல்லாரும் வீட்டு நினைப்பு எண்டு சொல்லுறது. அம்மம்மா வீட்டிலயோ கோயிலடியிலயோ குந்துற டொயிலட் இருந்தா கூட்டிக்கொண்டு போய்ப் பழக்குங்கோ, வெக்கப்பட ஒண்டுமில்ல.

குளிக்கிறதும் அப்பிடித்தான். கிணத்தடியில, தண்ணித் தொட்டியடியில பத்துப்பேர் வரிசையா நிண்டு வாளியாலதான் வாக்கிறது. எல்லாருக்கும் முன்னால துவாயைச் சுத்திக்கொண்டு ஈர உடுப்பை மாத்திற வித்தை பிள்ளைக்குத் தெரியோணும், பொம்பிளைப் பிள்ளையள் ஒரு பழைய நீளச் சட்டையை மேலால போட்டுக்கொண்டு குளிக்கலாம்.

பிறகு ஃபேன். வைகாசி தொடங்கி ஆவணி தாண்டியும் கச்சான் காத்து அனலா அடிக்கிற ஊர் எங்கட ஊர், பிள்ளையள் ஃபேன் இல்லாம, சில வீடுகள்ல ஏசி இல்லாம, கண்மூடாதுகள். கேம்ப்ல பெரிய மண்டபத்தில ஒரு ஃபேன் எங்கயோ ஒரு மூலையில சுத்தும், கூடாரமெண்டா அதுவுமில்ல. நாலைஞ்சு இரவு பாயைப் போட்டு, யன்னலைத் திறந்து, நுளம்பு வலைக்குள்ள ஃபேன் இல்லாமப் படுக்க விடுங்கோ. அதோட தன்ர கோப்பையைத் தான் கழுவவும், பெட்சீட்டை மடிச்சு பேக்குக்குள்ள திணிக்கவும், டோர்ச்சைத் தலைமாட்டில வச்சு இருட்டில தடவி எடுக்கவும் பழகினா சரி. இதுகள் தெரிஞ்ச பிள்ளை முதல் நாளே மற்றப் பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்கும், அப்ப அதுக்கு வாற பெருமைக்கு முன்னால அழுகையாவது கத்தரிக்காயாவது.

அம்மம்மா "பிள்ளையை அங்க விடாத" எண்டு ஒரே அழுகை. என்ன செய்ய?

இதை ஆக்கள் பகிடியாச் சொல்லுவினம், நான் பகிடியா எடுக்கிறதில்ல. எங்கட மாவட்டத்தில ஒரு வயசான மனிசிக்கு முகாம் எண்டா என்ன? 1990 இல சண்டைக்குப் பயந்து உடுத்த உடுப்போட ஓடினது, 2004 மார்கழி 26 சுனாமிக்குப் பிறகு பள்ளிக்கூட வகுப்பறையில படுத்தது, 2006 இல மூதூர், சம்பூர்ப் பக்கத்தில இருந்து இடம்பெயர்ந்து கூடாரத்துக்குள்ள நாள் கழிச்சது. பாய், கூடாரம், வரிசையில சாப்பாடு, இதுகளை அவை விரும்பிப் போய்ப் பாக்கேல்ல. அதால "அதெல்லாம் பழங்கதை, விடுங்கோ அம்மா" எண்டு வாயை அடைக்காதேங்கோ.

நான் சொல்லுறது, அவவைக் கூட்டிக்கொண்டு போய் இடத்தைக் காட்டுங்கோ. கிட்டத்தான் எண்டா ஓட்டோவில ஒரு நடை. பொறுப்பான டீச்சரோட கதைக்க விடுங்கோ, டீச்சரின்ர ஊர், தாய் தகப்பன் எல்லாம் விசாரிச்சிட்டா எண்டா பாதிப் பயம் போயிடும். பேக் அடுக்கிற வேலையில அவவுக்கும் ஒரு பங்கு குடுங்கோ. கோணேசர் கோயில் விபூதியோ வேளாங்கண்ணி மாதா படமோ வச்சு விடுறா எண்டா வைக்கட்டும். ஒண்டு மட்டும் கண்டிப்பா, பிள்ளைக்கு முன்னால அழக்கூடாது, சுனாமிக் கதையைக் கேம்புக்கு முதல் நாள் இரவு எடுக்கக் கூடாது. அழுகை வந்தா குசினிக்க போய் அழட்டும், நீங்களும் கூடப் போய் அழுங்கோ, ஆர் கேட்டது.

"அழுகை வந்தா சொல்லு, அப்பா உடனே வந்து கூட்டிக்கொண்டு வருவார்" எண்டு சொல்லி அனுப்பலாமோ?

வேண்டாம். எல்லாரும் அன்பில சொல்லுறதுதான், ஆனா பிள்ளையின்ர காதில அது வேற மாதிரி விழும், "நீ அங்க அழத்தான் போறாய், உன்னால ஏலாது எண்டு எங்களுக்கு இப்பவே தெரியும்" எண்டு. பிறகு சின்னதா ஒரு ஏக்கம் வந்த உடன அது சமாளிக்கப் பாக்காது, அப்பாவைத்தான் பாத்துக்கொண்டு இருக்கும். கிறிஸ் தர்பர் எண்ட அமெரிக்க உளவியலாளர் கேம்புக்குப் போற பிள்ளையளின்ர வீட்டு ஏக்கத்தைப் பற்றியே கன ஆராய்ச்சி செய்தவர், அவரும் எட்வர்ட் வால்டன் எண்ட டொக்டரும் சேந்து 2007 இல அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின்ர இதழில எழுதினதிலயும் பெற்றோருக்குச் சொல்லுற புத்தியில இது ஒண்டு: கூட்டிக்கொண்டு வருவன் எண்டு பேரம் பேசாதேங்கோ, முதலே வெளியில படுத்துப் பழக்குங்கோ, போறதா இல்லையா எண்ட முடிவில பிள்ளையையும் சேத்துக்கொள்ளுங்கோ.

அப்ப என்ன சொல்லுறது? வீட்டு நினைப்பு வரும், எல்லாருக்கும் வரும், பெரிய அண்ணாமாருக்கும் வரும் எண்டு உள்ளதைச் சொல்லுங்கோ. வந்தா என்ன செய்யிறதெண்டும் சொல்லுங்கோ: தண்ணி குடி, பக்கத்தில படுக்கிற பிள்ளையோட கதை, டீச்சரிட்டப் போய் "மிஸ், எனக்கு ஒரு மாதிரி இருக்கு" எண்டு சொல்லு. இந்த வசனத்தை வீட்டில சொல்ல வச்சே பாருங்கோ. பகல்ல விளையாட்டில மறந்திடும், பின்னேரம் சாப்பாட்டுக்குப் பிறகும் படுக்கப் போகேக்கயும்தான் வரும், அதையும் முன்கூட்டிச் சொல்லி வச்சா வரேக்க திடுக்கிடாது.

போன் குடுத்து விடலாமோ?

வேண்டாம். அனேகமான கேம்புகள்ல விடவும் மாட்டினம். பொறுப்பாளரின்ர நம்பர் உங்களிட்ட, உங்கட நம்பர் அவரிட்ட, இன்னொரு சொந்தக்காரரின்ர நம்பரும் அவரிட்ட, காணும். வட்சப் குரூப்பில படம் போடுவினம், அதைப் பெருப்பிச்சுப் பெருப்பிச்சுப் பாத்து "என்ர மகன் ஏன் ஓரத்தில நிக்கிறான், முகம் வாடியிருக்கே" எண்டு இரவு பத்து மணிக்குக் குரூப்பில கேக்காதேங்கோ, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருப்பான்.

பொறுப்பாளர் போன் எடுத்து பிள்ளை அழுது எண்டு சொன்னா?

முதல்ல சேரிட்டக் கேளுங்கோ, சாப்பிட்டவனோ, படுத்தவனோ, எப்ப தொடங்கினது எண்டு. முதல் இரவு அழுகை அனேகமா விடிய இல்லாமப் போகும். பிள்ளையோட கதைக்கச் சொன்னா குரல் இடறாமக் கதையுங்கோ, "நாங்கள் எல்லாரும் உன்னைத் தேடுறம், நாய்க்குட்டியும் சாப்பிடேல்ல" எண்ட கதையெல்லாம் எடுத்தா முடிஞ்சுது. நாளைக்கு என்ன நிகழ்ச்சி, ஆர் பக்கத்தில படுக்கிறது எண்டு கேளுங்கோ, கெதியா வையுங்கோ.

கூட்டிக்கொண்டு வர வேண்டிய நேரமும் இருக்கு. ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாம, ரெண்டாம் இரவும் நித்திரை இல்லாம இருந்தா, காய்ச்சல் எண்டா, ஆராவது அடிச்சது, தொட்டது எண்டு ஒரு சொல்லு வந்தா, அப்ப யோசிக்காம மோட்டார் சைக்கிளை எடுங்கோ. கூட்டிக்கொண்டு வந்த பிறகு "தோத்துப் போய் வந்திட்டாய்" எண்டு ஆரும் சொல்லக் கூடாது, முக்கியமா மாமாமார்.

பேக்குக்குள்ள என்ன வைக்கிறது?

கேம்ப்காரர் லிஸ்ட் தருவினம், அதைப் பாருங்கோ, அதுக்கு மேல புதுச் சாமான் வாங்கக் கடைகடையா ஏறி இறங்காதேங்கோ. பழைய உடுப்பு, ஒரு நாளைக்கு ஒண்டு கணக்கில, அதைவிட ரெண்டு கூட. உள்ளுடுப்பு இன்னும் கூட. பாய், பெட்சீட் ரெண்டு, துவாய், சவர்க்காரம் டப்பாவோட, பிரஷ், பேஸ்ட், சீப்பு, டோர்ச், தொப்பி, ரப்பர் செருப்பு, நுளம்புக்குப் பூசுற கிரீம், ஒரு லீற்றர் தண்ணிப் போத்தல். ஈர உடுப்புக்கு நாலைஞ்சு சொப்பிங் பேக். எல்லாத்திலயும் மாக்கரால பேர், செருப்பிலயும்தான், ஒரே நிறச் செருப்பு முப்பது சோடி வாசல்ல கிடக்கும்.

எங்கட பிள்ளையளுக்குக் குளிர் எண்டா என்னெண்டு தெரியாது. கேம்ப் பல்லேகலையிலயோ நுவரெலியாப் பக்கமோ எண்டா சுவெற்றரும் சொக்ஸும் கட்டாயம், இரவு அங்க வேற உலகம். கூடாரத்தில படுக்கிறதெண்டா செருப்பு, சப்பாத்தைப் போட முதல் தட்டிப்போட்டுப் போடப் பழக்குங்கோ, இரவில டோர்ச் இல்லாமக் கால் வைக்கக் கூடாது, பாம்பும் தேளும் எங்கட பக்கம் தாராளம்.

இன்னொண்டு, பேக்கை பிள்ளைதான் அடுக்கோணும். நீங்கள் அடுக்கினா பிரஷ் எங்க இருக்கெண்டு அதுக்குத் தெரியாது, மூண்டு நாளும் பல்லுத் தீட்டாமலே வந்து நிக்கும்.

படுக்கையில சலம் போற பிள்ளை. அனுப்ப ஏலுமோ?

ஏலும். ஏழெட்டு வயசில இது சாதாரணம், பத்து வயசிலயும் சில பிள்ளையளுக்கு இருக்கு, குழப்படியும் இல்ல சோம்பலும் இல்ல. பொறுப்பாளரிட்டத் தனியச் சொல்லுங்கோ, கடிதத்தில எழுதி மற்றப் பிள்ளையளின்ர கையால குடுத்து விடாதேங்கோ. கடும் நிறத்தில ரெண்டு மூண்டு ஷோர்ட்ஸ், மாத்த ஒரு பெட்சீட், பொலிதீன் விரிப்பு ஒண்டு வச்சு விடுங்கோ. பகல்ல தண்ணி வடிவாக் குடிக்கோணும், வெயில் ஊர், பின்னேரத்துக்குப் பிறகுதான் குறைக்கிறது, தேத்தண்ணியும் சோடாவும் அப்ப வேண்டாம். படுக்க முதல் ஒருக்கா, பெரியாக்கள் படுக்கேக்க எழுப்பி இன்னொருக்கா. இப்பிடியான நாலைஞ்சு நாளுக்கெண்டு டொக்டர்மார் எழுதுற மருந்தும் இருக்கு, ஆனா முதல் தடவை கேம்பிலயே குடுத்துப் பாக்கக் கூடாது, ஒரு மாசம் முதலே போய்க் கதையுங்கோ.

மகளுக்குப் பத்துப் பதினொரு வயசு. அங்க வச்சுப் பெரிய பிள்ளை ஆகிட்டா?

ஆகலாம். அதுக்காக மறிக்கிறதில அர்த்தமில்ல, அவவுக்கு முதலே சொல்லி வைக்கிறதுதான் வேலை. இரத்தத்தைக் கண்டு தனக்கு ஏதோ வருத்தம் எண்டு பயந்து டொயிலட்டுக்குள்ளயே இருந்த பிள்ளையைக் கதைகுடுத்து வெளியில எடுத்த பிறகு நான் இதை எல்லாத் தாய்மாருக்கும் சொல்லுறன். ஒரு சின்னப் பைக்குள்ள ரெண்டு மூண்டு பேட், ஒரு உள்ளுடுப்பு, ஒரு கடும் நிறப் பாவாடை வையுங்கோ, பேட் வைக்கிற விதத்தை வீட்டில காட்டுங்கோ, எந்த மிஸ்ஸிட்டச் சொல்லோணும் எண்டு ஆளைக் காட்டி விடுங்கோ. தண்ணி வாக்கிறது, சடங்கு, மாமிமாருக்குச் சொல்லுறது எல்லாத்தையும் கேம்ப் முடிஞ்சு வந்த பிறகு வசதிபோலச் செய்யலாம், பிள்ளை இருந்து விளையாட விரும்பினா விடுங்கோ. இதில என்னோட கன பெரியாக்கள் ஒத்துவர மாட்டினம், பரவாயில்ல.

மருந்து, காய்ச்சல், அலர்ஜி?

வீசிங் இருக்கிற பிள்ளைக்கு இன்ஹேலரும் ஸ்பேசரும் கட்டாயம், "இப்ப கன நாளா வரேல்ல" எண்டு விட்டிட்டுப் போகாதேங்கோ, புழுதியும் விறகுப் புகையும் அங்கதான். எல்லா மருந்தும் ஒரு பேக்கில, பேர், எப்ப, எவ்வளவு எண்டு தாளில எழுதி, பொறுப்பாளரின்ர கையில. இறால், நண்டு, கணவாய், கச்சான் கொட்டை, எதுக்காவது உடம்பு தடிக்கிறதெண்டா விண்ணப்பத்தில எழுதினது காணாது, சமைக்கிறவையிட்டயும் வாயால சொல்லுங்கோ.

காய்ச்சல் எண்டா பனடோல் மட்டும், அதுவும் வயசைப் பாத்தில்ல நிறையைப் பாத்து, கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்கு, நாலு மணித்தியாலத்துக்கு முதல் திருப்பிக் குடுக்கக் கூடாது, ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல கூடாது. பிள்ளையின்ர நிறையை மருந்துத் தாளில எழுதி விடுங்கோ. டெங்கு இருக்கிற நாடு, அதால இபுபுரூஃபன், அஸ்பிரின் வகை எதையும் பேக்கில வைக்காதேங்கோ. டெங்கு நுளம்பு பகல்லதான் கடிக்கும், காலமையும் பின்னேரமும் கூட, அதால கிரீம் இரவுக்கு மட்டும் எண்டு நினைக்கக் கூடாது. அவசரமெண்டா 1990 எண்ட நம்பருக்கு எடுங்கோ, சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசில்ல.

கடல்ல குளிக்க விடுவினமோ?

திருகோணமலைக் கேம்ப் எண்டா கடல் வராம இராது. நிலாவெளி, உப்புவெளி, மார்பிள் பீச் எண்டு எங்கயாவது ஒரு பின்னேரம் கூட்டிக்கொண்டு போவினம். கடற்கரைப் பிள்ளையளுக்கெல்லாம் நீந்தத் தெரியும் எண்டு வெளியூர் ஆக்கள் நினைக்கினம், நாங்கள் எங்கட பிள்ளையளைக் கணுக்காலுக்கு மேல விட்டாத்தானே. அதால நேராக் கேளுங்கோ: எந்தக் கடல், எவ்வளவு ஆழம் மட்டும், எத்தனை பிள்ளைக்கு ஒரு பெரியாள், தண்ணிக்குள்ள நிண்டு பாக்கிற நீச்சல் தெரிஞ்ச ஆள் ஆர், கரையில தலை எண்ணுறது ஆர். பதில் குழறுபடியா வந்தா "என்ர பிள்ளை கரையில இருக்கட்டும்" எண்டு எழுதிக் குடுங்கோ. ஐப்பசிக்குப் பிறகு தை மட்டும் வாடைக் காத்தோட எங்கட கடல் பொல்லாதது, அந்த மாசங்கள்ல கடல்குளிப்பு எண்டு நிகழ்ச்சிநிரல்ல இருந்தாலே நான் மறிப்பன். கன்னியா வெந்நீர் ஊத்துக்குக் கூட்டிக்கொண்டு போறதெண்டா பயமில்ல, வாளியால அள்ளி வாக்கிறதுதான், மாத்துடுப்பு மட்டும் குடுத்து விடுங்கோ.

சாப்பாட்டில சரியான அடம் பிடிக்கிற பிள்ளை

பசிச்சாச் சாப்பிடும். உண்மையாத்தான். வீட்டில மீன் முள்ளு எடுத்து ஊட்டுற பிள்ளை அங்க பாணும் பருப்பும் ரெண்டாம் தரம் கேட்டு வாங்கினதை நான் அகப்பையோட நிண்டு கண்டனான். வெள்ளிக்கிழமை சைவம், மாட்டிறைச்சி இல்லை, ஹலால் மட்டும், விரதம், இதுகளை முதலே சொல்லுங்கோ, எங்கட கேம்புகள்ல மூண்டு சமயப் பிள்ளையளும் வாறதால சமைக்கிறவைக்கு இது புதுசில்ல. பிஸ்கட் பக்கெட் ஒண்டு ரெண்டு வைக்கலாம், அதுக்கு மேல வச்சா எறும்பும் காகமும் குரங்கும்தான் சாப்பிடும்.

பொறுப்பாளர்மாரிட்டப் பாதுகாப்பைப் பற்றிக் கேட்டா கோவிப்பினமோ?

நல்ல ஆக்கள் கோவிக்க மாட்டினம். ஆம்பிளைப் பிள்ளையளும் பொம்பிளைப் பிள்ளையளும் வேற வேற இடத்தில படுக்கினமோ, பொம்பிளைப் பிள்ளையளோட ஆர் பொம்பிளை இருக்கிறது, ஒரு பெரியாள் ஒரு பிள்ளையோட தனிய இருக்கிற நிலைமை வராமப் பாக்கினமோ, வெளியாக்கள் வந்து போக ஏலுமோ, எல்லாத்தையும் கேளுங்கோ. "எங்களில நம்பிக்கை இல்லையோ" எண்டு ஆராவது முகத்தைத் திருப்பினா அந்தக் கேம்புக்கு நான் அனுப்ப மாட்டன், அவ்வளவுதான். பிள்ளைக்கும் சொல்லுங்கோ, அம்மாக்குச் சொல்லாத எண்டு எந்தப் பெரியாள் எதைச் சொன்னாலும் அதைத்தான் முதல்ல அம்மாக்குச் சொல்லோணும், சேர் எண்டாலும் அண்ணா எண்டாலும் சாமி எண்டாலும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின்ர நம்பர் 1929.

மாகாண மட்டக் கேம்ப், சிங்களப் பிள்ளையளும் வருவினமாம், மகனுக்குச் சிங்களம் தெரியாது

ரெண்டாம் நாள் நீங்கள் பாத்தா பந்துக்குப் பின்னால எல்லாரும் ஒண்டாத்தான் ஓடுவினம். "வத்துர" எண்டா தண்ணி, "பட ரிதெனவா" எண்டா வயித்துக்க நோகுது, இந்த மாதிரி நாலைஞ்சு சொல் பழக்கி விடுங்கோ, பயத்துக்கு அது காணும்.

பஸ்ஸில சத்தி எடுக்கும்

முன் சீட், வெறும் வயிறும் வேண்டாம் முழு வயிறும் வேண்டாம், மணக்க ஒரு தேசிக்காய், கையில ஒரு சொப்பிங் பேக். மாத்திரை எண்டா டொக்டரிட்டக் கேட்டுத்தான்.

கைக்காசு?

சில்லறையா முன்னூறு, நானூறு ரூபா. கூடக் குடுத்தா துலையும், இல்லாட்டி ஐஸ்கிரீம் காரரிட்டப் போகும்.

வந்தாப்பிறகு?

வாசல்லயே "அழுதனியோ, சாப்பாடு தந்தவையோ" எண்டு பொலிஸ் விசாரணை தொடங்காதேங்கோ. தண்ணி வாத்து, சோத்தைக் குடுத்து, படுக்க விடுங்கோ, சில பிள்ளையள் அடுத்த நாள் மத்தியானம் மட்டும் நித்திரை கொள்ளும், எழும்பி எல்லாரோடயும் சினக்கும், களைப்பு அது. கதை நாலு நாளாத் துண்டு துண்டா வரும். பேக்கை வீட்டுக்குள்ள கொண்டு போகாம முத்தத்தில வச்சே கவிழ்த்துக் கொட்டுங்கோ, தலையில பேன் பாருங்கோ, காதுக்குப் பின்னாலயும் அக்குளுக்குள்ளயும் ஏதும் கடிச்சிருக்கோ எண்டும் பாருங்கோ. பிறகு ஒரு ரெண்டு கிழமைக்குக் காய்ச்சல் வந்தா களைப்புக் காய்ச்சல் எண்டு விட்டிடாதேங்கோ, பனடோல் குடுத்தாலும் மூண்டாம் நாளுக்குள்ள இரத்தம் குடுத்துப் பாக்கோணும், டொக்டரிட்டப் போகேக்க பிள்ளை கேம்புக்குப் போனதையும் எந்த இடம் எண்டதையும் மறக்காமச் சொல்லுங்கோ.